கை கழுவும் வரை

நீர் எதுவரைக்கும்? மதுரையா? நல்லதாகப் போயிற்று. இப்படி நெருங்கி உட்காரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி வண்டி காலியாகும். அப்போது முன்னாலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்து, தம்பி நீங்க அங்கே போய் உக்காருங்க, நான் இங்கே இருந்துக்கிடுதேன் என்று கேட்பாள். எழுந்திருக்காதேயும். முட்டு வலி என்று சொல்லும். தூங்குகிறவன் மாதிரிக் கண்ணை மூடும். என்னமும் செய்யும், இடத்தை மட்டும் விடாதேயும்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. மயில்கழுத்துச் சேலை. திரும்பித் திரும்பி இங்கே பார்க்கிறாளே, அவள்தான். ஆவுடையம்மாள். என் வீட்டுக்காரி.

சண்டை இல்லை. எங்களுக்குள் சண்டையே கிடையாது. நான் பேசினால் அவள் பேச மாட்டாள், பிறகு எங்கே சண்டை? சங்கரன்கோவிலில் கூட்டம், சேர்ந்து இடம் கிடைக்கவில்லை. ஏறும்போது சொன்னாள், ஸ்ரீவில்லிபுத்தூர் வரவும் உங்க பக்கத்துல வந்து உக்காருதேன், ஒண்ணு சொல்லணும் என்று. அதைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பயமா என்றா கேட்கிறீர்? பயம்தான். மில்லில் நான் மேஸ்திரியாக இருந்தபோது என் செருப்புச் சத்தம் கேட்டால் ஷெட்டே வாயை மூடும். அந்த ஆள்தான் இப்போது ஒரு பொம்பளை வாயைத் திறந்துவிடுவாளே என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தொடையைப் பாரும், ஆடுகிறதா? அது வண்டி ஆட்டம் இல்லை.

மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அவளுக்குப் பார்க்க வேண்டும். எனக்குத்தான் பாக்கணும், துணைக்கு வாங்க என்றாள். வந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உமக்குப் புரியும். குறுக்கே பேசாமல் கேளும்.

எங்களுக்கு ஒரே பையன். கோமதிநாயகம். அமெரிக்காவில் இருக்கிறான். மருமகள் தமயந்தி, நல்ல பிள்ளை. இந்தக் கோடையில் எங்களை வரவழைத்தார்கள். போன இடத்தில் இவளுக்கு வயிற்று வலி. பையன் பதறிப்போய் டாக்டரிடம் கூட்டிப்போனான். போனதுதான் போனோம் என்று என்னையும் உட்கார வைத்துவிட்டான். எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருமல். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அது அந்த ஊர்ச் சலவை மிஷின் செய்கிற வேலை, துணியை இழுத்துவிடுகிறது. என் நெஞ்சைப் படம் பிடித்தார்கள், ஊசியைக் குத்தி எதையோ எடுத்தார்கள். இவள் வயிற்றையும் படம் பிடித்தார்கள். முடிவு வர நாளாகும், அதற்குள் காட்டுப் பக்கம் போய்த் தங்கிவிட்டு வருவோம் என்றான் பையன்.

விஸ்கான்சின் என்று ஒரு மாகாணம். அதன் வடக்கு முழுக்கக் காடு. பைன் மரம், அதைவிட்டால் ஏரி. ஒரு ஏரி முடிகிற இடத்தில் அடுத்த ஏரி நிற்கிறது. நம் பக்கம் ஒரு கண்மாய் நிறைய என்ன பாடு படுகிறோம். அங்கே கேட்பாரில்லாமல் கிடக்கிறது தண்ணீர். கரையில் மரவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். அங்கே யாரும் சமைப்பதில்லை. விடுமுறைக்கு வருகிறவன் எல்லாம் மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிடுகிறான். ஏரி பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன். தின்பதற்கு வருகிறார்கள்.

போய் இறங்கிய அன்று சாயங்காலம். சாயங்காலம் என்றால் நல்ல வெயில், அங்கே கோடையில் பொழுது சாய மாட்டேன் என்கிறது. நானும் இவளும் வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பையன் படகுத் துறையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். நின்று பேசிக்கொண்டிருந்தவன் உட்கார்ந்தான். பலகையில், அப்படியே, பேன்ட் நனைய. ஏரியில் ஒரு பறவை உண்டு, ஒப்பாரி வைக்கிற மாதிரியே கத்தும். அது அப்போது பார்த்துக் கத்துகிறது. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. முடிவு வந்துவிட்டது. இவளைத்தான் பார்த்தான்.

கொஞ்சம் இரும். இந்த இருமல் ஒன்று.

பக்கத்தில் இவள் தலையைத் துவட்டிக்கொண்டு, ஏங்க, அந்தப் பறவைக்கு என்ன கஷ்டமோ என்கிறாள். ஒன்றும் தெரியாதவள். வயிற்று வலி விட்டுப்போச்சு என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படித்தானே செய்யும் அந்த மாதிரி நோவு. விட்டமாதிரி இருந்து கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கப்பா காலத்திலிருந்து. சாப்பிடுகிறவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. எமனே வந்தாலும் இலையில் கை வைத்தவன் கை கழுவும் வரைக்கும் வாசலில்தான் நிற்க வேண்டும் என்பார். எங்கள் பெரியப்பா செத்த சேதியைக் கொண்டுவந்த ஆள் எங்கப்பா சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் முற்றத்தில் நின்றிருக்கிறான். இவர் மோருக்குச் சோறு வாங்கி, ஊறுகாய் வாங்கி, கை கழுவி, துண்டில் துடைத்தபிறகுதான் அவன் அழ ஆரம்பித்தான். பையனையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அமெரிக்கா போனாலும் அது போகவில்லை அவனுக்கு.

அதை நான் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம்?

அன்று வெள்ளிக்கிழமை. சாப்பிட ஒரு சப்பர் கிளப்புக்குக் கூட்டிப்போனான். சீட்டாடுகிற இடமோ என்று பார்த்தேன். இல்லை. அந்தக் காலத்தில் நாம் கிளப்புக்கடை என்போமே, அதுதான், காட்டுக்கு நடுவில். சுவரெல்லாம் பலகை. பலகையெல்லாம் மான் தலை. கண்ணாடிக் கண். எல்லாம் என்னையே பார்க்கிறது. அங்கே போனதும் மேஜையில் உட்கார விட மாட்டார்கள். முதலில் சாராய மேடை. அங்கே உட்கார்ந்து குடித்துக்கொண்டே, என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். மேஜையில் இலை தழை எல்லாம் வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டும். என்ன ஊர் வழக்கமோ. சாப்பாட்டுக்கு முன்னால் சும்மா இருக்கிற நேரம்தான் எமனுக்குத் தோதான நேரம்.

இவளும் மருமகளும் அந்தப் பக்கம் பெரிய மீன் ஒன்றைக் காய வைத்து மாட்டியிருப்பதைப் பார்க்கப் போனார்கள். பையன் என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டான். தொண்டையைச் செருமினான்.

"எப்பா, டேபிள் கிடைக்க நேரமாகும். உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

மேடையில் ஒரு கிண்ணத்தில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி விழுது, பக்கத்தில் உப்பு பிஸ்கட். கையை விட்டேன். கரண்டி இருந்தது, எடுக்கவில்லை. விரலால் வழித்து வாயில் வைத்தேன்.

"சாப்பிடும்போது என்னலே பேச்சு" என்றேன்.

வாயை மூடிக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டான். வளர்ப்பு அப்படி.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அங்கே யாரும் கை கழுவுவதில்லை. முள்கரண்டியை வைத்தால் சாப்பாடு முடிந்தது, பேச்சு ஆரம்பம். நான் கையால் சாப்பிட்டால்? கை கழுவும் வரைக்கும் சாப்பாடு முடியாது. கழுவுவது என் இஷ்டம். ஆனால் ஒன்று, எச்சில் கை காயக் கூடாது. காய விட்டால் அதுவே தரித்திரம். ஆகையினால் தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

தின்றேன். மேஜைக்குக் கூப்பிட்டதும் ஒரு தட்டில் பச்சைக் காரட், முள்ளங்கி, ஊறுகாய் வெள்ளரி எல்லாம் வந்தது. மாட்டுக்கு வைக்கிற மாதிரி. தின்றேன். சூப் வந்தது, ரொட்டியைத் தோய்த்துத் தின்றேன். சுற்றி எல்லா மேஜையிலும் பொரித்த மீன். வெள்ளிக்கிழமை என்றால் அங்கே ஊரே மீன் தின்கிறது. கேட்டால் அவர்கள் வேதத்தில் வெள்ளிக்கிழமை கறி கூடாதாம். விரதம் என்று சொல்லிக்கொண்டு மீனை அடுக்குகிறான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை நான் கவுச்சி தொட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் சோளமும் உருளைக்கிழங்கும்தான் சொல்லியிருந்தான் பையன். அது தீர்ந்துவிட்டது. கை காய்கிறது. பையன் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பக்கத்து மேஜை மீனைக் காட்டி, கொண்டு வரச் சொல் என்றேன்.

இவள் முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். ஏங்க, இன்னிக்கு வெள்ளி என்றாள். தெரியும், சும்மா இரு என்றேன். அம்மன் கணக்கில் வைத்திருப்பாள். இவளுக்காகத்தானே தாயே, இவள் தலையில் இறக்கிவிடாதே என்று முள்ளோடு விழுங்கினேன். வீட்டுக்குத் திரும்ப வண்டி ஏறப் போகும் வரைக்கும் கை கழுவவில்லை. ஏறினதும் கழுத்தைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாளும் இதே கதை. ஏரிக்கரையில் ஒரு கடை, படகில் வந்து இறங்கிச் சாப்பிடுகிறார்கள், அரைக்கால் சட்டையோடு. அங்கே ஏரியில் விளைகிற கறுப்பு அரிசியில் ஒரு கஞ்சி கொடுத்தான். இவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இரண்டு கிண்ணம் குடித்தாள். நோவு உள்ளவளுக்கு இப்படிப் பசிக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிக் காலத்தில் பசிக்குமாம், கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கோ எதுவும் இறங்க மாட்டேன் என்கிறது. தொண்டையில் கல் மாதிரி நிற்கிறது. ஆனாலும் விடவில்லை. பாலாடைக்கட்டியைப் பொரித்து உருண்டை உருண்டையாகக் கொடுக்கிறான், அதைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெற்றிலை போடுகிறவன் மாதிரி.

அப்போது பையன் ஒரு காரியம் செய்தான். எனக்குச் சர்க்கரை உண்டு. பல வருஷமாக. காப்பியில் யாராவது சீனியைக் காட்டினால் டம்ளரையே பிடுங்குவாள் இவள். பையன் போனில் கூப்பிட்டால் முதல் கேள்வியே சர்க்கரை எவ்வளவு என்றுதான். அவன் அன்று செர்ரிப் பழம் வைத்த ஒரு இனிப்புப் பண்டத்தை வாங்கி என் முன்னால் தள்ளினான். சாப்பிடுங்கப்பா என்றான். குரல் சரியில்லை. நான் மருமகளைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கிடாய்க்கு மாலை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. பெண்சாதியைப் பறிகொடுக்கப் போகிறவன், இனிப்பாவது தின்னட்டும் என்று விட்டுவிட்டான். வேறு எதற்கு?

கிளம்புவதற்கு முந்தின நாள் திரும்பவும் அந்த மான்தலைக் கடை. பையன் அன்று முடிவோடு வந்திருந்தான். அவன் சாப்பிடவே இல்லை. நான் எல்லாவற்றையும் தின்றுவிட்டேன். கோழி, கிழங்கு, ரொட்டி, அந்த மாட்டுத் தீவனத் தட்டு, எல்லாம். இனிக் கொண்டு வர ஒன்றும் இல்லை என்று பரிமாறுகிற அம்மாள் சிரித்தாள். எனக்கு நெற்றியெல்லாம் வேர்வை. விரலைச் சூப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், பச்சைப் பிள்ளை மாதிரி.

பையன் கைத்துண்டைத் தண்ணீரில் நனைத்தான். பிழிந்தான். என் கையைப் பிடித்தான். துடைக்கப் போனான்.

"முடிஞ்சுதுப்பா" என்றான். "கையத் தாங்க. இப்போ சொல்லியே ஆகணும்."

உதறினேன். "விடுலே கையை" என்று போட்டேன் ஒரு சத்தம். மில்லில் போட்ட சத்தம். கடையே திரும்பிப் பார்த்தது. மான் எல்லாம் பார்த்தது. பரிமாறுகிற அம்மாள் ஓடி வந்து, சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்டாள். பையன் துண்டை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? இவளுக்குப் பச்சை நிறத்தில் ஒரு ஐஸ்கிரீம் வந்திருந்தது, நீளக் கண்ணாடி டம்ளரில், சாராயம் இல்லாமல். அதை என் பக்கம் நகர்த்தினாள். பையனைப் பார்த்து, "அவரு சாப்பிடட்டும்டா" என்றாள். ரொம்ப மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கும் தெரிந்துவிட்டது. எப்போது சொன்னான் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டான். தன் சாவைத் தானே ஒரு டம்ளர் தூரத்துக்குத் தள்ளி வைக்கிறாள் பாரும். டம்ளரில் விரலை விட்டுத் தின்றேன். பல் கூசிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர்ச்சி என்றேன்.

அதற்கப்புறம் பையன் கேட்கவில்லை. எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டான், முன்னதாகவே. தானும் பின்னாலேயே வருகிறானாம், வேலைக்கு லீவு போட்டுவிட்டு. விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பெற்றவள் பக்கத்தில் நிற்கிறாள், அவளை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறான். தாயைப் பார்த்தால் தாங்காது அவனுக்கு. பாவம்.

இங்கே வந்த பிறகு பார்க்கிறேன், இவள் நடப்பே மாறிவிட்டது. காலையில் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தாள். நோவு அவளுக்கு, மண்ணைக் கரைத்து என் நெஞ்சில் தடவுகிறாள். அவள் அப்படித்தான். தனக்கென்று எதுவும் செய்துகொள்ளத் தெரியாது. வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டால், எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்கிறாள். சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விடுகிறாள். குழாய் ஓடுகிற சத்தம் கேட்கும். ரொம்ப நேரம் ஓடும்.

அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் தம்பி? எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. என் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக நினைவில்லை. இனிமேல் சொன்னால் பயந்துபோவாள், எதுக்கு இவரு இப்படிப் பேசுதாரு என்று. அதனால் அதையும் சொல்ல முடியவில்லை.

கோபுரம் தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர். நிறுத்துவான் இப்போது. இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இறங்குகிறாளே. எங்கே போகிறாள்? கடைக்குப் போகிறாள். இறங்கினவள் மேலே ஏறாமல் இந்த ஜன்னல் பக்கம் வருகிறாள். நீர் அந்தப் பக்கம் பாரும்.

"இந்தாங்க. சூடா இருக்கு."

"என்னது இது?"

"பால்கோவா."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். சாப்பிடுங்க."

"சர்க்கரைக்காரனுக்குப் பால்கோவாவா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"இருக்கட்டும். இனிமே என்ன. சாப்பிட்டுட்டு இந்தத் தண்ணியில கையக் கழுவுங்க. நான் மேலே வந்து உங்க பக்கத்துல உக்காருதேன்."

பார்த்தீரா? இனிமே என்ன என்கிறாள். பயத்தில் குழம்பிவிட்டது அவளுக்கு. நோவு தனக்கு என்பதே மறந்துபோயிற்று. பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள், வெயிலில், நான் கையை வெளியே நீட்ட வேண்டுமாம்.

நல்ல கோவா. கல்யாணமான புதிதில் ஒருதரம் இதே இடத்தில் வாங்கிக் கொடுத்தேன் அவளுக்கு. இலையில் வைத்துக் கொடுப்பான் அப்போது.

ஏன் எழுந்திருக்கிறீர்? உட்காரும் என்றேன். இடம் கொடுக்கக் கூடாது என்று எத்தனைதரம் சொன்னேன்? உமக்கு என்ன, உம் முகம் ஏன் இப்படிப் போகிறது? என்னை எதற்குப் பார்க்கிறீர்? அவளைப் பாரும். நோவு அவளுக்கு. என் சட்டையை ஏன் பார்க்கிறீர்? அது சலவை மிஷின் என்று சொன்னேனே.

இரும். ஒன்றும் சொல்லாதேயும்.

இன்னும் ஒரு வாய் இருக்கிறது. விரலில் ஒட்டியிருக்கிறது பாரும். நான் கை கழுவவில்லை. கழுவும் வரைக்கும் அவளும் வாயைத் திறக்கக் கூடாது, நீரும் திறக்கக் கூடாது.